சோளகத்துக்கு ஒரு கடல், வாடைக்கு ஒரு கடல்: யொட் வேலை பற்றிய கேள்வி பதில்

வெளிநாட்டுப் பணக்காரரின் சொகுசுப் படகுகளில், அதாவது யொட்களில், ஒன்பது வருசமாக வேலை செய்கிறேன். தளம் கழுவும் பெடியனாகப் போய் இப்போது போசன், அதாவது தளத்து வேலைக்காரருக்கு மேற்பார்வை. லீவில் முல்லைத்தீவில் நிற்கிறேன். கேட்டவர்கள் பலர், எனவே எல்லோருக்கும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

அண்ணை, இது வருசம் முழுக்க வேலையா, சீசனுக்கு மட்டுமா? (புதுக்குடியிருப்பு)

இரண்டும் உண்டு தம்பி. எங்களுக்குக் காலபோகம், சிறுபோகம் மாதிரி அவர்களுக்கும் இரண்டு போகம். மே தொடக்கம் செப்டெம்பர் வரை மத்தியதரைக் கடல், டிசம்பர் தொடக்கம் ஏப்ரல் வரை கரிபியன். காரணம் காற்றுத்தான். கரிபியன் பக்கம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை சூறாவளிக் காலம், அந்த நேரம் அங்கே நிற்கிற படகுக்குக் காப்புறுதிக்காரர் பொறுப்பெடுக்கப் பின்னடிப்பார்கள், அதனால் முதலாளிக்கு ஆசை இருந்தாலும் படகு கிளம்பத்தான் வேண்டும். சோளகம், அதாவது தென்மேற்குக் காற்று, தொடங்க நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்து வள்ளங்கள் எங்கள் நாயாற்றுக்கு வந்து வாடி (மீனவர் குடிசை) போடுகிறதே, அதே கணக்குத்தான்.

சில படகு இரண்டு போகமும் செய்யும், அதில் நிரந்தர வேலை கிடைக்கலாம். சில படகு கோடைக்கு மட்டும் ஆள் எடுக்கும், ஒக்டோபரில் கணக்கு முடித்துக் கையில் பெட்டியைத் தந்துவிடுவார்கள்.

மகன் போகத் துடிக்கிறான். வற்றாப்பளைப் பொங்கலுக்காவது வருவானா? (முள்ளியவளை)

வரமாட்டான் அக்கா, இப்போதே மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள். வைகாசிப் பொங்கல் வருகிற நேரம்தான் அங்கே சீசன் சூடு பிடிக்கும், அப்போது லீவு கேட்டால் கப்டன் ஏற இறங்கப் பார்ப்பார். ஒன்பது வருசத்தில் நான் கண்ணகை அம்மனைப் பொங்கலில் கும்பிட்டது ஒரே ஒருமுறை, அதுவும் கியர்பொக்ஸ் உடைந்து படகு பட்டறையில் ஏறியதால். தீபாவளி அனேகமாக அத்திலாந்திக் கடக்க ஆயத்தம் செய்கிற நேரம். கோடை மட்டும் ஓடுகிற படகென்றால் டிசம்பர் தொடக்கம் பெப்ரவரிக்குள் லீவு கிடைக்கும், தைப்பொங்கலுக்கு நிற்பான், காலபோக வெட்டுக்கும் ஒரு கை கிடைக்கும். அந்தக் கணக்கைப் பார்த்தே படகைத் தெரிவு செய்யச் சொல்லுங்கள்.

சம்பளத்தைவிட டிப்ஸ்தான் பெரிது என்கிறார்களே? (வவுனியா)

வாடகைக்கு ஓடுகிற படகில் மட்டும். முதலாளி மட்டும் பாவிக்கிற படகில் டிப்ஸ் என்று ஒன்றை நினைக்கவே வேண்டாம். மத்தியதரையில் வாடகைத் தொகையில் 5 முதல் 15 வீதம் வழக்கம். கரிபியனில் அமெரிக்க விருந்தினர் கூட, அங்கே 15 முதல் 20 வீதம் வரும். ஒரு கிழமை வாடகை 1,00,000 யூரோ, டிப்ஸ் 10 வீதம், படகில் 10 பேர் என்றால் சமமாகப் பிரித்து ஆளுக்கு 1,000 யூரோ. சாப்பாடும் படுக்கையும் படகிலேயே என்பதால் காசு அப்படியே மிஞ்சும். ஆனால் ஓகஸ்டில் வருகிற காசு ஜனவரியில் வராது. ஓகஸ்ட் வரவை நம்பி லீசிங்கில் வாகனம் எடுத்து மாட்டுப்பட்ட ஆட்களில் நானும் ஒருவன்.

உண்மையில் எத்தனை மணித்தியாலம் வேலை? (கிளிநொச்சி)

கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை, 2006 என்று ஒன்று இருக்கிறது. அதன்படி 24 மணித்தியாலத்தில் குறைந்தது 10 மணித்தியால ஓய்வு, ஏழு நாளில் 77. ஜூலை, ஓகஸ்டில் அது பல படகில் கடதாசியில் மட்டும் இருக்கும். காலையில் ஒரு கூட்டம் இறங்கும், மறுநாள் மதியம் அடுத்த கூட்டம் ஏறும். இடையில் முழுப் படகையும் நன்னீரால் கழுவி, கம்பியில் நிற்கிற ஒவ்வொரு துளியையும் ஷாமித் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும், விட்டால் காய்ந்து வெள்ளைப் புள்ளி விழும். கை தோல் உரியும். ஒரு படகில் ஆறு மணித்தியாலம் படுத்ததைப் பத்து என்று எழுதிக் கையெழுத்து வைக்கச் சொன்னார்கள், நானும் வைத்தேன். வைத்திருக்கக் கூடாது. அந்தக் கிழமையே எங்கள் பெடியன் ஒருவன் நித்திரைக் கலக்கத்தில் ஏணியால் விழுந்து மணிக்கட்டை உடைத்தான், தாளில் பார்த்தால் அவன் நன்றாக ஓய்வெடுத்த ஆள்.

சீசன் முடிந்து பட்டறைக்குப் போனால் வேறு உலகம். மத்தியதரைக் கரையில் பல்மா, லா சியோட்டா, பார்சலோனா மாதிரி இடங்களில் எட்டுக்குத் தொடங்கி ஐந்துக்கு முடியும், சனி ஞாயிறு ஓய்வு. மரத்தைத் தேய்ப்பது, வார்னிஷ் அடிப்பதுதான் வேலை. சலிப்பாக இருக்கும், ஆனால் தொழிலை உண்மையாகப் படித்தது அங்கேதான்.

அத்திலாந்திக் கடப்பது பயமில்லையா?

கனரித் தீவிலிருந்து கரிபியனுக்கு ஏறக்குறைய 2,700 கடல்மைல், மணிக்கு 12 கடல்மைல் போனால் ஒன்பது பத்து நாள். எங்கள் வாடை மாதிரி வடகிழக்கிலிருந்து காற்று முதுகில் தள்ளும். விருந்தினர் இல்லை, நாலு மணித்தியாலம் காவல், எட்டு மணித்தியாலம் ஓய்வு. எனக்கு வருசத்திலேயே பிடித்த பத்து நாள் அதுதான்.

ஏஜென்ட் ஒருவர் 12 லட்சம் கேட்கிறார், கட்டலாமா? (ஒட்டுசுட்டான்)

ஒரு சதமும் கட்டாதே. வேலை எடுத்துத் தர மாலுமியிடம் காசு வாங்கக் கூடாது என்று நான் சொன்ன அதே உடன்படிக்கையில் இருக்கிறது. மார்ச், ஏப்ரலில் பிரான்சின் அன்டீப், ஸ்பெயினின் பல்மா துறைமுகங்களில் படகு படகாக நடந்து வேலை கேட்பது வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்குச் சரி. எங்கள் பாஸ்போட்டுக்கு முதலில் ஷெங்கன் விசா (ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் சேர்த்த ஒரே விசா) வேண்டும், கிடைத்தாலும் 180 நாளில் 90 நாள்தான், சுற்றுலா விசாவில் வேலை தேடி மாட்டினால் அடுத்த விசாவும் போய்விடும். உன் காசை எஸ்.டி.சி.டபிள்யூ. என்ற சர்வதேச மாலுமித் தரத்தின்படியான அடிப்படைப் பாதுகாப்புப் பயிற்சிக்கும் மருத்துவச் சோதனைக்கும் கொழும்பில் எடுக்கிற சி.டி.சி. புத்தகத்துக்கும் (மாலுமியின் பதிவுப் புத்தகம்) செலவழி. அப்புறம் மாலைதீவு அல்லது டுபாய்ப் பக்கம் தொடங்கு. மாலைதீவில் நவம்பர் தொடக்கம் ஏப்ரல் வரை நல்ல காலம், டுபாயிலும் ஒக்டோபரிலிருந்து ஏப்ரல் வரைதான், பிறகு வெயில் கொளுத்தும். அதனால் ஓகஸ்ட், செப்டெம்பரிலேயே விண்ணப்பம் போடு, சீசன் தொடங்கிய பிறகு போனால் இடம் இருக்காது. நானும் மாலைதீவில் இரண்டு சீசன் செய்த பிறகுதான் ஒரு கப்டன் கூட்டிப்போனார்.

பெண்பிள்ளைகளுக்கு இடம் இருக்கிறதா? (மாங்குளம்)

தாராளமாக, தங்கச்சி. உள்வேலை, பரிமாறல், சமையல், தளவேலை எல்லாவற்றிலும் இருக்கிறார்கள். ஆனால் அறை சிறிது, இரண்டு பேர் படுக்க வேண்டும், தனிமை என்பது குளிக்கிற நேரம் மட்டும்.

நீங்கள் எப்போது திரும்பிப் போகிறீர்கள்?

மார்ச் கடைசியில். அதற்குள் வீட்டு வளவில் போட்ட கச்சானைப் பிடுங்கி முடிக்க வேண்டும், இரண்டு வருசமாக அம்மா கூலிக்கு ஆள் பிடித்துத்தான் பிடுங்கினார்.