ரெட்டினைடிஸ் பிக்மென்டோசாவால் போன பார்வை, ஒளி சிகிச்சையால் திரும்புமா?

அம்மாபேட்டையில் தறி நெய்த உங்கள் சித்தப்பாவுக்கு இந்த விழித்திரை நோய். கண்ணில் மிஞ்சியிருக்கும் செல்களை மரபணு மூலம் ஒளியை உணர வைக்கும் ஆப்டோஜெனெடிக்ஸ் என்ற முறை அவருக்கு உதவுமா என்று கேட்டிருக்கிறீர்கள். என் பெரியப்பாவுக்கும் இதே நோய்தான். செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுக்குப் பற்றவைத்தவர். முதலில் மாலைக்கண், அப்புறம் கீழே விழுந்த சலங்கை முத்தை விரலால் தடவித் தேடுகிற நிலை. அதனால் இதை விடாமல் படித்து வருகிறேன்.

இந்த நோயில் சாவது ஒளியை உணரும் செல்கள். மூளைக்குச் சேதி அனுப்பும் நரம்பு செல்கள் பல காலம் உயிரோடு இருக்கும். அவற்றுக்கு வெளிச்சம் தெரியாது, அவ்வளவுதான். நன்னீரில் வாழும் ஒருவகை ஒற்றைச்செல் பச்சைப்பாசி வெளிச்சத்தை நோக்கி நீந்தும். ஒளி பட்டதும் கதவு போலத் திறக்கும் ஒரு புரதம் அதனிடம் உண்டு. அப்படிப்பட்ட புரதத்துக்கான மரபணுவைத் தீங்கற்ற வைரஸில் ஏற்றிக் கண்ணுக்குள் ஊசியாகப் போட்டால், அந்த நரம்பு செல்களே ஒளியை உணரத் தொடங்கும்.

2021-இல் வெளியான பிரான்ஸ் ஆய்வில் 58 வயதுக்காரர் ஒருவர், மாதக்கணக்கான பயிற்சிக்குப் பின் மேசைமேல் இருந்த நோட்டுப் புத்தகத்தைக் கண்டுபிடித்துத் தொட்டார், டம்ளர்களை எண்ணினார். படித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் அதற்குக் கேமரா காட்சியை ஆம்பர் நிற ஒளியாக மாற்றிப் பாய்ச்சும் தனிக் கண்ணாடி வேண்டும். முகம் அடையாளம் தெரியுமளவு பார்வை வரவில்லை.

பார்வை நரம்பே பழுதானவர்களுக்கு, உதாரணமாக முற்றிய கிளாக்கோமாவில், இந்த முறை உதவாது. சித்தப்பாவை விழித்திரை மருத்துவரிடம் காட்டி, மரபணுப் பரிசோதனை பற்றிக் கேளுங்கள். பணம் கட்டினால் உடனே செய்கிறோம் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.