பட்ட கஷ்டம் காணாதா?

கேள்வி: எனக்கு 47 வயது. வட்டக்கச்சியில் இருக்கிறேன். சீனி வருத்தம் என்று கிளினிக்கில் குளிசை தந்து, தினமும் நடக்கவும் சொன்னார்கள். ஒரு கிழமை நடந்ததில் தொடையும் கெண்டைக்காலும் நோகின்றன. "இடம்பெயர்ந்து நடந்த நடை காணாதே பிள்ளை? இனியாவது ஆறுதலாய் இரு" என்கிறா அம்மா. விட்டுவிடவா?

பதில்: விடாதீர்கள் தங்கச்சி. ஆனால் அம்மா சொன்னதைச் சும்மா தட்டிவிட என்னால் முடியவில்லை. 2009இல் போருக்குத் தப்பி வன்னிச் சனம் நடந்த நடை யாரும் விரும்பி நடந்ததல்ல. எங்கே போகிறோம், எப்போது நிற்கலாம் என்று தெரியாத நடை அது. அந்தக் களைப்பு எந்த உடம்பையும் தேற்றவில்லை. மகள் மறுபடி காலை இழுத்துக்கொண்டு வருவதைப் பார்க்க அவவுக்கு மனம் வரவில்லை. இப்போது எவ்வளவு தூரம் என்பது உங்கள் கையில். களைத்தால் திரும்பி வரலாம், வீடு இருக்கிறது.

சரி, நோவுக்கு வருவோம். பழக்கமில்லாத வேலை செய்தால் தசை அடுத்த இரண்டு மூன்று நாட்களில்தான் கூடுதலாக நோகும், பிறகு தானாக அடங்கும். அதே வேலையைத் தொடர்ந்து செய்யச் செய்ய நோவும் குறையும். வயலில் நெல் அருவி வெட்டத் தொடங்கிய முதல் நாட்களில் இடுப்பு பட்ட பாட்டை அம்மாவிடமே கேளுங்கள். இன்று வெட்டுகிற மெசினும் தண்ணீர் மோட்டரும் வந்துவிட்டன. வரட்டும், அந்தச் சிரமம் யாருக்கும் திரும்ப வேண்டாம். ஆனால் வேலையில்லாத தசை மெலிந்துபோகும். சாப்பிட்டபின் இரத்தத்தில் ஏறும் சீனியில் பெரும்பங்கை எடுத்துக்கொள்வது அந்தத் தசைதான். அது வேலை செய்யும்போது, இன்சுலின் சரியாக உதவாவிட்டாலும் சீனியை உள்ளே இழுக்கும். அதனால் சோறு சாப்பிட்டபின் வளவுக்குள் பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தாலே பலன் உண்டு.

கிழமைக்கு 150 நிமிடமாவது கொஞ்சம் வேகமாக நடக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இரண்டு நாளாவது தசைக்குப் பலம் தரும் பயிற்சியும் வேண்டும். அதற்கு ஒரு கதிரை போதும். கை ஊன்றாமல் எழும்பி, மெதுவாகத் திரும்ப இருங்கள். பத்துத் தரம் செய்தால் கடைசி இரண்டு மூன்று கஷ்டமாக இருக்க வேண்டும். அந்தக் கஷ்டத்துக்குப் பயப்படாதீர்கள், தசை பலப்படுவது அதனால்தான்.

எல்லா நோவையும் பொறுக்கச் சொல்லவில்லை. நெஞ்சு இறுகினால், தலை சுற்றினால், மூட்டுக்குள் குத்தினால், ஒரு கால் மட்டும் வீங்கினால் நிறுத்திவிட்டு உடனே டொக்டரிடம் போங்கள். உடம்பில் செல்லடியில் பட்ட குண்டுத் துண்டு இருக்கிறதென்றால் பயிற்சிக்கு முன்பே கேளுங்கள். கை நடுங்கி வியர்த்தால் சீனி இறங்குகிறதாக இருக்கலாம், இரண்டு டொபியாவது கையில் இருக்கட்டும். வெறுங்காலோடு நடக்க வேண்டாம், இந்த வருத்தத்தில் முள் குத்தினதே தெரியாமல் போகும். அடுத்த கிளினிக்கில், நீங்கள் எவ்வளவு நடந்தீர்கள் என்ற விபரத்தைச் சொல்லுங்கள். குளிசையை நீங்களாகக் குறைக்காதீர்கள், அதை அவர்கள் பார்த்துச் சொல்வார்கள்.