மூன்றாவது விடுமுறை வீடு யாழ்ப்பாணத்திலா, நிலாவெளியிலா?

பத்துக் குடும்பங்கள் சேர்ந்து காலியிலும் நுவரெலியாவிலும் சொகுசு வீடு எடுத்து முறைவைத்துத் தங்குகிறீர்கள். மூன்றாவதை யாழ்ப்பாணத்தில் எடுக்கலாமா, திருகோணமலைப் பக்கத்துக் கடற்கரை ஊரான நிலாவெளியிலா என்று கேட்டிருக்கிறீர்கள்.

வாக்கெடுப்பு வைத்து மினக்கெட வேண்டாம். கை தூக்கும்போது எல்லோருக்கும் கனவு ஊர்தான் பிடிக்கும். லீவு கிடைத்ததும் சுலபமாகப் போய்வரக்கூடிய இடத்தைத்தான் பதிவார்கள். கலண்டரைப் பாருங்கள். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றில் காலிக் கடல் கொந்தளிக்கும். அதே மாதங்களில் நிலாவெளிக் கடல் அமைதியாக இருக்கும், புறாமலைத் தீவுக்குப் படகும் ஓடும். உங்களிடம் இல்லாதது அந்தப் பருவம்தான். ஆகவே நிலாவெளி.

யாழ்ப்பாணத்தான் நானே இப்படிச் சொல்வது எங்கள் ஆட்களுக்குப் பிடிக்காது. ஆனால் யாழ்ப்பாணத்து வீட்டை எடுத்தால், அங்கே நல்லூர்க் கந்தசுவாமி கோயில் திருவிழாவின் 25 நாட்களுக்கும் பத்துக் குடும்பமும் அடிபடும். ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை, வீடு சும்மா கிடக்கும். அப்புறம் நீச்சல் குளம். குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடும் ஆறு கிடையாது. சுண்ணாம்புக்கல்லில் தேங்கும் நிலத்தடி நீர்தான் எல்லாம். அளவுக்கு மீறி இறைத்தால் கிணறு உவராகும். குளத்தோடு வீடு காட்டினால், ஓகஸ்ட் மாதக் கிணற்றுத் தண்ணீரை வாயில் விட்டுப் பார்க்காமல் கையெழுத்து வைக்காதீர்கள்.

திருவிழாவுக்கு மட்டும் நல்லூர்ப் பக்கம் ஒரு மாதம் வாடகைக்கு எடுங்கள். எந்தக் குடும்பத்துக்கு எந்த வாரம் என்பதைச் சீட்டுக் குலுக்கிப் பார்க்கலாம். தேர் வாரத்துக்குச் சண்டை வரத்தான் செய்யும்.