கம்ப்யூட்டர் சீட்டுக்கு முன்பணம் கட்டும் முன்

ஆச்சி, பிளஸ் டூ படிக்கும் மகன் தேவகோட்டையில் ஆசாரி பட்டறையிலேயே கிடக்கிறான், அவன் அம்மான் சென்னையில் மேனேஜ்மெண்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட் பேசி வைத்திருக்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். கவலை புரிகிறது. ஆனால் அந்த சீட் வேண்டாம். கோடிங் பக்கமே திரும்பாத பிள்ளைக்காக நகையை அடகு வைத்து, வீட்டுப் பங்கையும் விற்பதை என்னால் ஏற்க முடியாது. பணம் உங்களுடையது, நான்கு வருடம் வகுப்பில் உட்காரப்போவது அவன். அம்மானுக்கு இதில் நஷ்டம் எதுவும் இல்லை.

மருத்துவம், சி.ஏ., வங்கித் தேர்வு பற்றியெல்லாம் சொந்தக்காரர்கள் சொல்லியிருப்பார்கள். விட்டுவிடுகிறேன்.

தங்கைக்கு அவன் செய்த மேசையின் படத்தைப் பார்த்தேன். அவள் வளர வளரப் பலகையை உயர்த்த, காலில் வரிசையாகத் துளை போட்டிருக்கிறான். நார்வேக்காரர் பீட்டர் ஆப்ஸ்விக் 1972-இல் வடிவமைத்த டிரிப் டிராப் நாற்காலியும் இந்த யோசனைதான். இருக்கையையும் கால்பலகையையும் குழந்தையின் வளர்ச்சிக்கேற்ப நகர்த்தலாம். இன்றும் விற்கிறது.

குழந்தைகளுக்கான மரச்சாமான் வடிவமைப்பு அவனுக்கு ஏற்ற தொழில், பொறுப்பான தொழிலும்கூட. பள்ளி நாற்காலிக்கான ஐரோப்பியத் தரவிதிப்படி 108 முதல் 121 செ.மீ. உயரமுள்ள பிள்ளைக்கு இருக்கை 31 செ.மீ. உயரத்தில் இருக்க வேண்டும். அதற்கடுத்த உயரப் பிரிவுப் பிள்ளைகளுக்கு 35 செ.மீ. விரல் சிக்கும் இடுக்கு கூடாது. இழுப்பறையைத் திறந்து பிள்ளை அதில் ஏறினாலும் அலமாரி கவிழக் கூடாது. சுவரில் பிணைக்காத அலமாரிகள் சாய்ந்து குழந்தைகள் இறந்ததால், 2016-இல் அமெரிக்காவில் ஐக்கியா சுமார் 2.9 கோடி அலமாரிகளைத் திரும்பப் பெற அறிவித்தது. பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்-ஐ (பத்து லட்சத்தில் 90 பங்கை) தாண்டக் கூடாது என்பது நம் நாட்டு விதி. புதிதாக ஒரு மரச்சாமான் வரிசை கொண்டுவர, பிள்ளைகளை அளந்து, அட்டையில் முழு அளவு மாதிரி செய்து, அவர்களையே உட்கார வைத்துப் பார்த்து, அப்புறம்தான் மரத்தில் கை வைக்க வேண்டும். எடை ஏற்றிச் சோதிப்பதும், கழற்றி அட்டைப்பெட்டியில் அடங்கச் செய்வதும், விலைக்குள் நிறுத்துவதும் அதற்குப் பிறகு. காரைக்குடியைச் சுற்றி நல்ல ஆசாரிகள் இருக்கிறார்கள். வரைந்து, கணக்குப் போட்டு, அவர்களோடு சேர்ந்து வேலை செய்யும் ஆள் குறைவு.

இதற்குப் படிப்பு உண்டு. அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் மரச்சாமான் வடிவமைப்புக்கு நான்காண்டு பட்டப்படிப்பு இருக்கிறது. ஐ.ஐ.டி.களில் வடிவமைப்பு படிக்க யூசீட் தேர்வு. எந்தப் பிரிவில் பிளஸ் டூ படித்தவரும் அகமதாபாத் நுழைவுத் தேர்வு, யூசீட் இரண்டையும் எழுதலாம். இடங்கள் மிகக் குறைவு என்பதால் இப்போதே தினமும் வரையச் சொல்லுங்கள்.

அகமதாபாத்திலும் கட்டணம் லட்சக்கணக்கில்தான். உதவித்தொகையும் கல்விக்கடனும் சேர்ந்து கட்டுப்படியாகாவிட்டால் அங்கும் அனுப்பாதீர்கள். அவன் கணிதப் பிரிவு என்பதால், காரைக்குடி அழகப்ப செட்டியார் அரசு பொறியியல் கல்லூரியில் கவுன்சிலிங் மூலம் மெக்கானிக்கல் எடுக்கலாம். விடுமுறையில் பெங்களூரு மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனத்தில் மரவேலைப் பயிற்சி பெறட்டும். முதுநிலையில் வடிவமைப்புக்கு மாறிக்கொள்ளலாம்.

சென்னைக் கல்லூரிக்கு முன்பணம் கட்டாதீர்கள். அம்மானிடம் நீங்கள் சொல்லச் சங்கடமாக இருந்தால் என்னிடம் பேசச் சொல்லுங்கள், நான் சொல்கிறேன்.