ரக்பி லீக் கிளப் எந்த ஆபத்தை ஏற்கலாம், எதை ஏற்கக் கூடாது?

கேள்வி இதுதான்: ஒரு ரக்பி லீக் கிளப், பெரிய நட்சத்திரத்துக்குப் பணத்தைக் கொட்டலாமா, அல்லது அதே பணத்தில் நம்பகமான நாலு பேரை எடுப்பது நல்லதா?

ஆஸ்திரேலியாவின் முதன்மை ரக்பி லீக் போட்டியான என்ஆர்எல்லைப் பல வருடங்களாக விடாமல் பார்த்து வருகிறேன், இங்கிலாந்தின் சூப்பர் லீக்கை முடிந்தபோதெல்லாம். என் பதில்: நட்சத்திரத்தைத் தாராளமாக எடுக்கலாம். ஆனால் அவர் ஆட முடியாத வாரத்தில் அந்த இடத்தில் யார் நிற்பார் என்பதை அவரிடம் கையெழுத்து வாங்கும் முன்பே முடிவு செய்துவிட வேண்டும். ஒருவருக்குக் காயம் பட்டதால் மட்டும் எந்த அணியும் கவிழ்ந்துவிடாது. ஒரே காரணத்தால் ரெண்டு மூணு இடம் சேர்ந்து காலியாகும்போதுதான் கவிழும்.

விளையாட்டு புதிது என்பவர்களுக்காக: களத்தில் 13 பேர். பெஞ்சிலிருந்து 4 பேரை இறக்கலாம், என்ஆர்எல்லில் ஓர் ஆட்டத்துக்கு 8 மாற்றங்கள். கிளப்பின் முதல்நிலைப் பட்டியலில் 30 பேர், அவர்கள் எல்லோருடைய சம்பளமும் ஒரே வரம்புக்குள் அடங்க வேண்டும். 2023ல் அந்த வரம்பு 1.21 கோடி ஆஸ்திரேலிய டாலர். ஒருவருக்குப் பத்து லட்சம் டாலர் கொடுத்தால், அது மற்ற 29 பேரின் பங்கிலிருந்துதான் போகிறது.

எல்லா இடத்துக்கும் ஒரே எடை கிடையாது. ஃபுல்பேக், ஃபைவ்-எய்த், ஹாஃப்பேக், ஹூக்கர், அதாவது 1, 6, 7, 9 ஜெர்சிக்காரர்களை அணியின் முதுகெலும்பு என்பார்கள். பந்து எங்கே போக வேண்டும், எப்போது உதைக்க வேண்டும் என்று முடிவெடுப்பவர்கள் இவர்கள். பணம் இங்கேதான் குவியும், ஆபத்தும் இங்கேதான் குவியும். மேன்லி கிளப்பைப் பாருங்கள். 2021ல் முதல் நாலு ஆட்டமும் தோல்வி. ஃபுல்பேக் டாம் ட்ரபோயெவிச் காயத்திலிருந்து திரும்பினார், அணி நான்காம் இடத்தில் முடித்தது, ஆண்டின் சிறந்த ஆட்டக்காரருக்கான டாலி எம் பதக்கமும் அவருக்கே கிடைத்தது. அடுத்த வருடம் தோள்பட்டைக் காயத்தால் அவருடைய சீசன் பாதியிலேயே முடிந்தது. மேன்லி இறுதிச் சுற்றுக்குத் தகுதிபெறும் முதல் எட்டுக்குள்ளேயே வரவில்லை. அவரை வைத்திருந்ததைத் தவறு என்று சொல்லவே மாட்டேன். அவரைச் சுற்றியே தாக்குதல் முழுவதையும் அமைத்துவிட்டு, அவர் இல்லாதபோது வேறு மாதிரி ஆடும் வழியை வளர்க்காமல் விட்டதுதான் குறை என்பேன்.

ஹூக்கர் இடத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம், ஏனென்றால் பார்வையாளர்கள் கண்ணில் அவ்வளவாகப் படாத இடம் அது. டேக்கிள் ஆனவர், அதாவது பந்தோடு பிடித்து நிறுத்தப்பட்டவர், எழுந்து பந்தைக் காலால் பின்னால் உருட்டுகிறார். ஹூக்கர் குனிந்து எடுத்து ஒரே அசைவில் பாஸ் கொடுக்கிறார். ஆட்டம் முழுக்க இதே வேலை. தடுப்பிலோ நடுவில் நின்று நாற்பதுக்கும் மேல் டேக்கிள் செய்கிற நாட்கள் சாதாரணம். இருபதாவது நிமிடத்தில் அவர் தலையில் அடிபட்டுப் பரிசோதனைக்கு வெளியே போகிறார் என்று வையுங்கள். பெஞ்சில் ஹூக்கர் இல்லையென்றால் நடுவில் ஆடும் முன்கள ஆட்டக்காரரான 13ஆம் நம்பர் லாக் வந்து பாஸ் கொடுப்பார். பந்து அரை அடி மேலே போகும். ஹாஃப்பேக் அதைப் பிடிக்க ஒரு நொடி நிற்பார். அந்த ஒரு நொடியில் எதிரணியின் தடுப்பு வரிசை அவர் முகத்துக்கு முன்னால் வந்துவிடும். யாரும் பெரிதாகத் தவறு செய்யவில்லை, ஆனாலும் தாக்குதல் செத்துவிட்டது.

என்ஆர்எல்லில் மூளை அதிர்ச்சி உறுதியானால் பொதுவாக 11 நாள் ஓய்வு. அடுத்த வாரமும் அவர் இல்லை என்று அர்த்தம். இதனால்தான் 14ஆம் ஜெர்சி போட்டுப் பெஞ்சில் இருக்கும் பல இடத்து ஆட்டக்காரருக்கு நல்ல சம்பளம் கொடுப்பதை நான் ஆதரிக்கிறேன். 2025 பிரிஸ்பேன் பிராங்கோஸ் இதற்கு நல்ல உதாரணம். சீசன் கடைசியில் ஆடம் ரெனால்ட்ஸ், எஸ்ரா மாம் என்று 7ஆம் நம்பரும் 6ஆம் நம்பரும் ஒன்றாகத் தொடைத் தசைக் காயத்தில் விழுந்தார்கள். ஹாஃப் (6, 7ஆம் இடங்கள்), ஹூக்கர் இரண்டும் ஆடத் தெரிந்த பென் ஹன்ட் கையில் இருந்தார். அந்த வருடம் பட்டத்தை வென்றது பிராங்கோஸ்தான்.

சரி, ஆபத்தை எங்கே ஏற்கலாம்? நடுவரிசை முன்கள ஆட்டக்காரர்களிடம். இவர்களில் நேராக மோதி முன்னேறும் ப்ராப்கள் பெரும்பாலும் 80 நிமிடமும் ஆடுவதில்லை, மாறி மாறித்தான் வருகிறார்கள். ஒருவர் குறைந்தால் மற்ற இருவர் பத்துப் பத்து நிமிடம் கூடுதலாக ஆடிச் சமாளிக்கலாம். முழங்கால் பிரச்சினையால் விலை குறைந்த ஒருவரையோ, இன்னும் பக்குவப்படாத 20 வயதுப் பையனையோ எடுத்துப் பார்க்க இதுவே இடம். அப்படிப்பட்ட சோதனையை ஹாஃப்பேக்கில் செய்யக் கூடாது.

வயது விஷயத்தில் கிளப்புகள் தேவைக்கு மேல் பயப்படுகின்றன. 2021ல் முப்பதைத் தொட்ட ரெனால்ட்ஸுக்கு சவுத் சிட்னி ஒரு வருட ஒப்பந்தம்தான் நீட்டியது. பிராங்கோஸ் மூணு வருடம் கொடுத்தது. 2023ல் அணியை இறுதிப் போட்டிவரை கொண்டுபோனார், 2025ல் கேப்டனாகக் கோப்பையைத் தூக்கினார். வேகத்தை நம்பி ஆடும் விங்கருக்கு முப்பதில் நீண்ட ஒப்பந்தம் கொடுக்க நானும் தயங்குவேன். உதையையும் நிதானத்தையும் நம்பி ஆடும் ஹாஃப்பேக்கின் கணக்கு வேறு.

அடுத்தது பலரும் காயத்தோடு சேர்த்து எண்ணாத ஆபத்து: காலண்டர். சீசன் நடுவில் நியூ சவுத் வேல்ஸும் குயின்ஸ்லாந்தும் மோதும் மூன்று ஸ்டேட் ஆஃப் ஆரிஜின் ஆட்டங்கள் வரும். நல்ல கிளப்பின் நல்ல ஆட்டக்காரர்கள் எல்லோரும் ஒரே வாரத்தில் தங்கள் மாநில அணிக்குக் கிளம்பிவிடுவார்கள். அப்புறம் ஒப்பந்தங்கள். கடைசி வருடத்தில் இருக்கப்போகிற ஆட்டக்காரர், முந்தைய நவம்பர் 1 முதலே வேறு கிளப்புகளோடு பேசலாம். முதுகெலும்பில் மூணு பேருக்கு ஒரே வருடத்தில் ஒப்பந்தம் முடிந்தால், மூணு ஏஜென்ட்டுகளும் ஒரே மாதத்தில் கதவைத் தட்டுவார்கள். பேரம் பேசும் பலம் கிளப்பிடம் இருக்காது.

பென்ரித் இதில் எனக்கு மிகவும் பிடித்த கிளப். 2021 முதல் 2024 வரை தொடர்ந்து நாலு பட்டம். அந்தக் காலத்தில் அவர்கள் ஆட்களை இழக்காமல் இல்லை: மேட் பர்டன், விலியாமே கிக்காவ், அப்பி கொரோய்சாவ், ஸ்டீபன் கிரைட்டன், அப்புறம் ஜரோம் லுவாய், ஜேம்ஸ் ஃபிஷர்-ஹாரிஸ். ஆனால் எல்லோரும் ஒன்றாகப் போகவில்லை, வருடத்துக்கு ஒருவர் இருவராகப் போனார்கள். நேதன் கிளியரியும் ஐசையா யோவும் நிலையாக இருந்தார்கள், காலி இடத்துக்குச் சொந்தப் பயிற்சி அணியிலிருந்து பையன்கள் வந்தார்கள். 2025 தொடக்கத்தில் புள்ளிப் பட்டியலின் அடிக்கே போனார்கள். அங்கிருந்து எழுந்து இறுதிப் போட்டிக்கு ஒரு படி முன்புவரை வந்தார்கள்.

இதற்கு நேர் எதிர், கனடா கிளப்பான டொரன்டோ வுல்ஃப்பேக். சூப்பர் லீக்குக்கு ஏறிய கையோடு நியூசிலாந்து நட்சத்திரம் சோனி பில் வில்லியம்ஸைப் பெரும் தொகைக்கு எடுத்தார்கள். மற்ற இடங்களை நிரப்பப் போதுமான ஆட்கள் இல்லை. 2020ல் கோவிட் நிறுத்தத்துக்கு முன் ஆடிய ஆறு லீக் ஆட்டங்களிலும் தோல்வி. பணமும் கையைக் கடிக்க, ஜூலையில் சீசனிலிருந்தே விலகினார்கள்.

சம்பள வரம்பை மறைமுகமாக மீறுவதை ஆபத்துக் கணக்கிலேயே சேர்க்கக் கூடாது. மெல்போர்ன் ஸ்டார்மிடமிருந்து 2007, 2009 பட்டங்கள் இரண்டையும் 2010ல் பறித்துவிட்டார்கள்.

கடைசியாக, இப்போது எல்லோரும் பேசும் பத்து வருட ஒப்பந்தம். ஹாஃப் ஆடும் டிலன் பிரவுனை நியூகாஸில் கிளப் 2026லிருந்து பத்து வருடத்துக்கு எடுத்திருக்கிறது, செய்திகள் சொன்ன தொகை சுமார் 1.3 கோடி டாலர். ஆட்டக்காரர் தரமானவர், சந்தேகமில்லை. அவரும் ஃபுல்பேக் கேலின் பொங்காவும் சேர்ந்து சம்பள வரம்பில் பெரிய துண்டை எடுத்துக்கொள்வார்கள். அந்தக் கிளப்பில் எனக்குப் பொறுப்பு இருந்தால், இந்த இருவரும் ஒரே மாதம் இல்லாமல் போனால் ஆடக்கூடிய ஹாஃப் ஒருவரையும் ஃபுல்பேக் ஒருவரையும் இளையோர் அணியிலிருந்தே இப்போதே பிடித்து, வாரா வாரம் ரிசர்வ் அணியில் அதே இடத்தில் ஆடவைப்பேன்.