அனாமத்துக் கணக்கில் கிடக்கும் கதைகள்

கேள்வி: நான் வேளச்சேரியில் வசிக்கிறேன். மயிலாப்பூரில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் பதினொரு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். கல்லூரிக் காலத்திலிருந்து சிறுகதை எழுதுகிறேன். நான்கு கதைகள் அச்சில் வந்திருக்கின்றன. ஆனால், இந்த இரண்டு ஆண்டுகளில் ஒரு கதைகூட எழுத முடியவில்லை. கிராமத்தில் பிறந்தவர்களுக்கு நிலம் இருக்கிறது, வறட்சி இருக்கிறது, குலதெய்வம் இருக்கிறது. எனக்கு இருப்பதெல்லாம் பறக்கும் ரயிலும், அடுக்குமாடிக் குடியிருப்பும், ஆறு ஆண்டுகளாக மாதந்தோறும் 340 ரூபாயை வவுச்சர் இல்லாமல் 'இதர செலவு' என்று எழுதிக்கொண்டு வரும் ஒரு ஹார்டுவேர் கடைக்காரரோடு மல்லுக்கட்டும் வேலையும்தான். இப்படிப்பட்ட அன்றாடத்திலிருந்து கதைக்கான உந்துதலை எப்படிப் பெறுவது?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சென்னை

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை முதல் முறை படித்தபோது அந்த 340 ரூபாயிலேயே நின்றுவிட்டேன். மிச்சத்தைப் படிக்க மறுபடியும் தொடக்கத்திலிருந்து வர வேண்டியிருந்தது. எழுத ஒன்றுமே இல்லை என்று முறையிடும் கடிதத்தில், சலிப்புக்கு உதாரணமாக இப்படி ஒரு செய்தியைப் போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போகிறவருக்கு உந்துதல் இல்லை என்று நான் நம்பத் தயாராக இல்லை. அந்தச் செய்திக்குக் கடைசியில் வருகிறேன்.

கிராமத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வரப்பில் கதை விளைந்து கிடக்கிறது என்பது வரப்பில் நடந்திராதவர்களின் நம்பிக்கை. அங்கே பிறந்து, ஒரு வரி எழுதாமல், நிலத்தை விற்றுவிட்டுத் தாம்பரத்துக்குத் தெற்கே மனை வாங்கியவர்கள் பலரை நான் அறிவேன்.

நகரத்துக் கதை எங்கே தொடங்குகிறது என்பதற்குப் புதுமைப்பித்தன் 1943இல் எழுதிய 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' கதையின் தொடக்கத்தைக் காட்டுவது என் வழக்கம். அந்தக் கதையில் கடவுளே சென்னைக்கு வருகிறார். ஆனால் கதை கடவுளிடமிருந்து தொடங்குவதில்லை. பிராட்வேயும் எஸ்பிளனேடும் கூடும் முனையில் நிற்கிற ஒரு மனிதர், டிராமில் போனால் வெற்றிலைக்குக் காசு மிஞ்சுமா, பஸ்ஸில் போனால் காப்பிக்கு மிஞ்சுமா என்று காலணாக் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பதில்தான் தொடங்குகிறது. 1953இல் சென்னையில் டிராம் நின்று போயிற்று, காலணாவும் போயிற்று. அந்தக் கணக்கு மட்டும் இன்றைக்கும் அதே முனையில் நின்றுகொண்டிருக்கிறது. ஷேர் ஆட்டோவில் ஏறுவதா, இரண்டு நிறுத்தம் நடந்துவிடுவதா என்று நிற்கிறவரின் முகத்தை நீங்களும் நாள்தோறும் பார்த்திருப்பீர்கள்.

பணக் கணக்கு மட்டுமன்று. 2019ஆம் ஆண்டுக் கோடையை நினைத்துப் பாருங்கள். பூண்டியும் சோழவரமும் புழலும் செம்பரம்பாக்கமும் வறண்டு, ஜூலை மாதத்தில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. எத்தனை வேகன், எத்தனை லட்சம் லிட்டர் என்பதைச் செய்தித்தாள்கள் எழுதின. அது அவர்கள் வேலை. தெருமுனையில் மெட்ரோ வாட்டர் லாரிக்காக ஆளுக்குப் பதிலாகக் குடங்கள் வரிசையில் நின்றன அல்லவா? அந்த வரிசையில் இல்லாத ஒரு பெண்ணின் குடத்தைக் காலால் மெல்ல முன்னே தள்ளி வைத்தவர் ஒருவர் இருந்திருப்பார். அதையே பின்னுக்கு நகர்த்தியவரும் ஒருவர் இருந்திருப்பார். இருவரும் மனத்துக்குள் ஏதோ ஒரு பழைய கடனையோ பகையையோ கூட்டிக் கழித்துத்தான் அதைச் செய்திருப்பார்கள். அசோகமித்திரனின் 'தண்ணீர்' நாவல் இதே நகரத்தின் வேறொரு தண்ணீர்ப் பஞ்சத்தைப் பற்றியது. அது புத்தகமாக வந்தது 1973இல். ஏரிகளின் நீர்மட்டத்தை அறிய அதை யாரும் படிப்பதில்லை. அதன் நாயகி ஜமுனா என்ன ஆனாள் என்று அறியத்தான் படிக்கிறார்கள்.

இனி உங்கள் தொழிலுக்கு வருகிறேன். பற்று, வரவு இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கும் இருப்பாய்வில் இரண்டு பக்கமும் பொருந்தாமல் போனால் என்ன செய்வீர்கள் என்று நீங்கள்தான் எனக்குச் சொல்ல வேண்டும். பள்ளியில் படித்த கணக்குப்பதிவியலை வைத்துக்கொண்டு சொல்கிறேன், தவறிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வேறுபடும் தொகையைத் தற்காலிகமாக அனாமத்துக் கணக்கில் வைப்பீர்கள். பிழை எங்கே என்று தெரிந்ததும் அங்கிருந்து நீக்குவீர்கள். எழுதுகிறவரிடமும் அப்படி ஓர் அனாமத்துக் கணக்கு இருக்க வேண்டும் என்பதுதான் நான் சொல்ல வருவது. கண்ணுக்கு அழகாகப்பட்டதை எல்லாம் குறித்துக்கொள்ளச் சொல்லும் வழக்கம் ஒன்று உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. மெரினாவின் சூரிய உதயத்தைப் பற்றி என் பழைய நோட்டுகளில் பக்கம் பக்கமாக இருக்கிறது. அவற்றிலிருந்து ஒரு கதையும் வந்ததில்லை. எது பொருந்தவில்லையோ, எதற்குப் பற்று மட்டும் தெரிந்து வரவு தெரியவில்லையோ அதைக் குறித்து வையுங்கள். யார், எங்கே, எத்தனை மணி, எவ்வளவு என்ற அளவில், உணர்ச்சியான சொல் எதுவும் சேர்க்காமல், அன்று இரவுக்குள் எழுதிவிடுங்கள். மறுநாள் எழுதினால் மனம் தானே ஒரு காரணத்தைக் கற்பித்துக் கணக்கைச் சரிசெய்து வைத்துவிடும்.

அப்படிச் சரிசெய்து கெடுத்த அனுபவம் எனக்கே உண்டு. வேலை தேடி வந்த புதிதில் திருவல்லிக்கேணியில் ஒரு மேன்ஷனில் தங்கியிருந்தேன். சாப்பாடு பக்கத்து மெஸ்ஸில். மாதத் தொடக்கத்தில் பணம் கட்டி டோக்கன் கட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். அடுத்த அறைக்காரர் செவ்வாய்க்கிழமைகளில் மட்டும் மதியச் சாப்பாட்டுக்கு இரண்டு டோக்கன்களைக் கொடுத்துவிட்டு ஒரு சாப்பாடுதான் சாப்பிடுவார். மாதக்கணக்கில் இதைக் கவனித்தேன். பிறகு, ஊரில் பட்டினியில் வளர்ந்த அவர் யாரோ ஓர் ஏழைக்கு அந்த இரண்டாவது சாப்பாட்டை ஏற்பாடு செய்திருக்கிறார் என்று முடிவுகட்டி ஒரு கதை எழுதினேன். அது ஒரு பத்திரிகையிலிருந்து திரும்பி வந்தது. உள்ளே ஆசிரியர் ஒரே ஒரு வரி எழுதியிருந்தார்: டோக்கனை எண்ணிக்கொண்டிருந்தவர் யார் என்று கேட்டிருந்தார்.

அந்த வரி எனக்குக் கோபத்தைத்தான் தந்தது. ஓராண்டு கழித்துத்தான் புரிந்தது. மாதக் கடைசியில் என்னிடம் டோக்கன் தீர்ந்து போயிருக்கும்; அடுத்தவரின் கையிலிருந்து இரண்டு தாள் போவதைக் கண் தானாக எண்ணியிருக்கிறது. அவருடைய ரகசியத்தைத் தேடிக்கொண்டிருந்த நான், அதை எண்ணுகிறவனின் பசியைக் கதைக்கு வெளியே விட்டுவிட்டேன். அவர் ஏன் இரண்டு கொடுத்தார் என்பது கடைசி வரை தெரியாமலே இரண்டாவது முறை எழுதினேன். அது அச்சில் வந்தது. அவர் ஏன் அப்படிச் செய்தார் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம், இரண்டு ஆண்டுகளாக உங்களால் எழுத முடியாமல் போனதற்கு வாழ்க்கையில் ஒன்றும் நிகழாததைக் காரணமாகச் சொல்கிறீர்கள். கடிதத்தைப் பார்த்தால் எனக்கு வேறு விதமாகத் தோன்றுகிறது. பகல் முழுதும் பொருந்தாததைப் பொருத்துவது உங்கள் வேலை. அந்தப் பழக்கத்தோடு வீட்டுக்கு வந்து, பார்த்ததற்கெல்லாம் உடனே ஒரு தலைப்பைக் கண்டுபிடித்து அதன் கீழ் எழுதி மூடிவிடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். தலைப்பிட்டு மூடிய பிறகு எழுத என்ன மிஞ்சும்? அலுவலகத்தில் அது திறமை. கதையில் அதைச் சற்றுத் தாமதிக்க வேண்டும், அவ்வளவுதான்.

பயிற்சியாக ஒன்று சொல்லலாம். வேளச்சேரியிலிருந்து திருமயிலைக்கு வரும் ரயிலில் மகளிர் பெட்டியில் யாராவது கைபேசியில் பேசிக்கொண்டுதான் வருவார்கள். உங்கள் காதில் விழுவது பாதி உரையாடல். "அந்த நாற்காலிய மட்டும் விட்டுடுங்க, மத்ததெல்லாம் எடுத்துக்குங்க" என்று ஒருவர் சொல்கிறார் என்று வையுங்கள். மறுமுனையில் இருப்பவர் சொன்னதை நீங்கள் எழுதிப் பாருங்கள். ஒரு முறை அவர் அண்ணனாக, ஒரு முறை வீட்டுக்காரராக, ஒரு முறை பழைய சாமான் வாங்குகிறவராக. மூன்றிலும் அந்த ஒரு வாக்கியம் மாறாமல் இருக்க வேண்டும். பேசியவரின் சொற்களை அவர் பேசியபடியே எழுதுங்கள். சென்னைப் பேச்சைத் திருத்தி எழுதுகிற கை, மனிதரையும் திருத்திவிடும். அந்த நேரத்தில் உங்கள் கைபேசி பைக்குள் இருக்கட்டும்.

அயலார் வாழ்க்கையை எடுத்து எழுதலாமா என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் உங்கள் தொழில் நம்பிக்கையின் மேல் நடப்பது என்பதால் சொல்லிவிடுகிறேன். பெயரை மட்டும் மாற்றினால் போதாது. கடையை மாற்றுங்கள், தொகையை மாற்றுங்கள், ஊரின் பகுதியை மாற்றுங்கள், ஆணைப் பெண்ணாக்குங்கள். அத்தனையும் மாறிய பிறகும் பொருந்தாத ஒன்று மிஞ்சுமானால் அது மட்டும்தான் உங்களுக்குச் சொந்தம்.

இப்போது அந்த 340 ரூபாய். ஆறு ஆண்டுகளில் ஆணி விலை ஏறியிருக்கும், பெயின்ட் விலை ஏறியிருக்கும், டீ விலை நிச்சயமாக ஏறியிருக்கும். இந்தத் தொகை மட்டும் ஒரு ரூபாய்கூட ஏறவில்லை. விலை ஏறாத எந்தப் பொருளை அவர் மாதந்தோறும் வாங்குகிறார்? பொருளே இல்லையென்றால், வாங்கிக்கொள்கிறவர் ஏன் உயர்த்திக் கேட்கவில்லை? கடையில் வேலை செய்யும் பையனுக்கு இது தெரியுமா? எல்லாவற்றையும்விட, எத்தனையோ கணக்குகளுக்கு நடுவே இதை மட்டும் ஆறு ஆண்டுகளாக நினைவில் வைத்திருக்கிற, ஆடிட்டர் அலுவலகத்துப் பெண் ஒருத்தி இருக்கிறாளே, அவளுக்கு இதில் என்ன வந்தது? அங்கிருந்து தொடங்குங்கள். முதல் வரைவு முடியும்வரை கடைக்காரரிடம் மட்டும் காரணத்தைக் கேட்டுவிடாதீர்கள். முடித்த பிறகு தாராளமாகக் கேட்கலாம். அப்போதும் வவுச்சர் வாங்க வேண்டிய பொறுப்பு உங்களுடையதுதான்.