ஒரே படம், இரண்டு ரெக்கார்டு: எதை வைத்துக்கொள்வது?

கேள்வி: அப்பா வைத்திருந்த பழைய சினிமாப் பாட்டு எல்.பி. (பெரிய இசைத்தட்டு) ஒன்று வீட்டில் இருக்கிறது. அதே படத்தின் எல்.பி. இன்னொன்று திலகர் திடல் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் கிடைத்தது. இரண்டும் ஒன்றுபோலக் கேட்கவில்லை. எது நல்ல பிரதி என்று எப்படிக் கண்டுபிடிப்பது? (வாசகர், செல்லூர், மதுரை)

பதில்: பாட்டு முடிந்து லேபிளுக்கு முன்னால் வரும் வழவழப்பான வட்டத்தில் டார்ச் அடித்துப் பாருங்கள். எண்ணும் எழுத்துமாகப் பொறித்திருக்கும். மேட்ரிக்ஸ் எண் என்பார்கள். இரண்டிலும் ஒன்றேயானால் பெரும்பாலும் ஒரே மூலத்தட்டிலிருந்து வந்தவை. வித்தியாசம் தேய்மானத்திலோ அழுக்கிலோ, அச்சு பழசானதிலோ இருக்கும். எண் வேறானால் மூலத்தட்டையே மறுபடி வெட்டியிருப்பார்கள், ஓசையின் குணமே மாறலாம். உறையைப் பார்த்து முடிவு கட்டாதீர்கள். சந்தைக்கு வருவதற்குள் அது எத்தனை தட்டு மாறியதோ!

இன்னொன்று, கல்யாணத்திலும் கோயில் திருவிழாவிலும் மைக் செட்காரர்கள் ஓட்டித் தேய்த்த தட்டுகளும் சந்தைக்கு வரும். விளக்கில் சாய்த்துப் பாருங்கள். பளபளப்பு போய்ச் சாம்பல் பூத்திருந்தால் எவ்வளவு கழுவினாலும் பயனில்லை. அழுக்கு மட்டும்தான் என்றால் சரி, கழுவலாம். ஆனால் போர் தண்ணீர் வேண்டாம், காய்ந்ததும் உப்பு தங்கிவிடும். டிஸ்டில்டு வாட்டரில் நனைத்த மெல்லிய துணியால், லேபிள் நனையாமல், பள்ளம் ஓடும் திசையிலேயே துடையுங்கள்.

அப்புறம்தான் ஒப்பிட வேண்டும். இங்கேதான் எல்லோரும் ஏமாறுவது (நானும் ஏமாந்திருக்கிறேன்). கொஞ்சம் சத்தமாக ஒலிக்கும் பிரதிதான் நல்லது என்று காது சொல்லிவிடும். அதனால் ஒரே பாட்டின் ஒரே இடத்தை ஓடவிட்டு, போனில் சத்தம் அளக்கும் ஆப்பை வைத்து வால்யூமைச் சமமாக்குங்கள். எந்தத் தட்டு ஓடுகிறது என்று சொல்லாமல் வீட்டில் யாரையாவது மாற்றிப் போடச் சொல்லுங்கள்.

கேட்க வேண்டியது முதல் பாட்டை அல்ல, கடைசிப் பாட்டை. 12 அங்குலத் தட்டின் வெளிவட்டத்தில் நொடிக்குச் சுமார் 50 சென்டிமீட்டர் பள்ளம் முள்ளுக்கு அடியில் ஓடும். லேபிள் பக்கம் வரும்போது 20 சொச்சம்தான். நெருக்கிப் பொறித்த அந்த இடத்தில்தான் பாடகியின் ‘ச’வும் ‘ஸ’வும் சீறும். அங்கே சீறாமல் பாடும் பிரதியை வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டுமே சீறினால் தட்டைத் திட்டாதீர்கள். முள் தேய்ந்திருக்கலாம், முள் தட்டை அழுத்தும் எடை தவறியிருக்கலாம். பல முட்களுக்கு இந்த எடை 2 கிராமை ஒட்டி வரும்; ஆனாலும் உங்கள் கார்ட்ரிட்ஜின் (முள் பொருத்திய சிறு பாகம்) குறிப்பில் என்ன போட்டிருக்கிறதோ அதுதான் கணக்கு.